சபைக்குச் சொல்லாத சாவு

மே மாதம் முடிந்து மழையும் தொடங்கிவிட்டது. பெரியமுத்துவின் போன் வரவில்லை.

கேரளத்து எல்லை ஊரான நல்லேப்பிள்ளியில் நஞ்சப்பன் வீட்டில் அந்தப் போனுக்கு ஒரு முறை இருந்தது. ஒரு வருடம் இவர் கூப்பிடுவார், மறு வருடம் அவர். 1957ஆம் ஆண்டு இருவரும் டெல்லியில் மக்களவை உறுப்பினர்களாகப் பதவிப் பிரமாணம் எடுத்தது ஒரு மே மாதத்தில். அதனால் பேச்சும் மே மாதத்தில்தான். நீளவும் நீளாது.

"மெம்பரே, இருக்கறீங்களா?"

"இருக்கறனுங் மெம்பரே. நீங்க?"

"நானும் இன்னம் போகல."

பிறகு மழை, முழங்கால், சர்க்கரை. அதோடு வைத்துவிடுவார்கள்.

இந்த வருடம் பெரியமுத்துவின் முறை. ஜூன் பிறந்ததும் நஞ்சப்பன் பொறுக்காமல் தானே கூப்பிட்டார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. ஒரு வாரம் தினமும் அப்படியே. நஞ்சப்பனுக்கு வயது தொண்ணூற்று மூன்று. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். கண் மங்கிவிட்டது, காது தெளிவாக இருந்தது.

"தூங்கிட்டிருப்பாருங்கப்பா" என்றார் மகன் பூபதிராஜா. நெல்லையும் தென்னையையும் பார்த்துக்கொள்வது அவர்தான். அவருக்கே அறுபது கடந்துவிட்டது.

"ஒரு வாரமாவாடா தூங்கறாரு? வண்டியை எடு."

"அவரு இருக்கற ஏலப்பாறை எங்க இருக்குதுன்னு தெரியுமுங்களா? போறதுக்கே ஒரு பகல் ஆயிருமுங்க. உங்க ஒடம்புக்கு..."

"என்ற ஒடம்பு வண்டிலதான உக்காந்துட்டு வருது. நடந்தா வருது?"

பெரியமுத்து அவருக்கு உறவில்லை. ஒரே கட்சியும் இல்லை. அந்தக் காலத்தில் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள் உண்டு. ஒருவர் பொது, ஒருவர் பட்டியல் சாதியிலிருந்து. ஒரே வாக்காளர் இரண்டு ஓட்டுப் போடுவார். சில ஆண்டுகளில் அந்த ஏற்பாடு எடுக்கப்பட்டது, ஊரும் அதை மறந்துவிட்டது. அப்படி ஒரே தொகுதியில் ஜெயித்த இருவரில் நஞ்சப்பன் நிலமுள்ள வீட்டுப் பிள்ளை, கல்லூரி முடித்தவர். பெரியமுத்து கேரளத்துச் சித்தூர்ப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர், இரவுப் பள்ளியில் படித்தவர். இருவருக்கும் அப்போது முப்பதுகூட ஆகவில்லை. ஜெயித்த மறுநாள் நன்றி சொல்ல இருவரும் நஞ்சப்பனின் வீட்டுக்கு வந்தார்கள். நஞ்சப்பனின் தகப்பனார் ஒரு நாற்காலி மட்டும் போடச் சொன்னார். பெரியமுத்து நின்றுகொண்டே நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் அப்படித்தான் வளர்ந்தார். ஊரில் யார் முன்னாலும் நின்றுகொண்டு.

டெல்லியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து அறைகள், ஒரே சமையல்காரன். முதல் கூட்டத்தொடரில் ஒரு காலை, கேள்வி நேரத்துக்கு முன் சபாநாயகர் ஒரு பெயரை வாசித்தார். எங்கோ வடக்கே இறந்துபோன ஒரு பழைய உறுப்பினர். வாசித்து முடித்ததும் பிரதமர் முதல் கடைசி வரிசைவரை அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். சத்தமே இல்லை. பெரியமுத்து எழுந்து நின்று, தலையைத் திருப்பித் திருப்பி எல்லோரையும் பார்த்தார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் கை வைக்காமல் கேட்டார்.

"அந்த ஆளு பெரிய தலைவருங்களா?"

"இல்லீங். நம்மளாட்டம் ஒரு மெம்பரு."

"நானு செத்தாலும் எந்திரிப்பாங்களா?"

"நீங்க செத்தாலுந்தான். சேதி சபைக்குப் போய்ச் சேரோணும், அவ்வளவுதான். ஊட்டுக்காரங்க தெரியப்படுத்தோணும்."

"என்ற ஊட்டுக்காரங்களுக்கு டெல்லி எந்தத் திக்குன்னே தெரியாதே" என்றார் பெரியமுத்து. "அப்ப நீங்க சொல்லிருங்க. நீங்க முந்திட்டீங்கன்னா நானு சொல்லிர்றேன்."

"ஏனுங், சோத்துல கை வெக்கறதுக்கு முன்னாலயே சாவுப் பேச்சா?"

"சொல்லுங்க மெம்பரே. சொல்லுவீங்களா மாட்டீங்களா?"

"சொல்றேன், சொல்றேன். சாப்பிடுங்க."

அடுத்த தேர்தலில் இருவருமே தோற்றார்கள். பெரியமுத்து சில வருடங்கள் ஊரில் இருந்துவிட்டு, மனைவியின் சொந்தக்காரர்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஏலப்பாறைக்குப் போய்விட்டார். பிறகு அவர்கள் நேரில் சந்தித்துக்கொண்டது அபூர்வம். சாவைச் சபைக்குச் சொல்வது என்ற அந்தப் பேச்சு மட்டும் நிலைத்தது. பூபதிராஜாவின் போனில் மக்களவை அலுவலகத்தின் டெல்லி எண் ஒன்றை 'அப்பா டெல்லி' என்று பதிந்து வைக்கச் சொல்லியிருந்தார் நஞ்சப்பன். தான் போனதும் முதலில் அந்த எண்ணுக்குத்தான் சொல்ல வேண்டும், சொந்தபந்தம் எல்லாம் அதற்கப்புறம் என்பது அவர் உத்தரவு. போன வருடம் தொலைக்காட்சிக்காரர்கள் வந்து, அந்தக் காலத்து உறுப்பினர்களில் மிஞ்சியிருப்பவர் என்று அவரைப் படம் பிடித்தபோதும், "நானு மட்டுமில்லீங்க, என்ற தொகுதி இன்னொரு மெம்பரு ஏலப்பாறைல இருக்கறாரு" என்று பெருமையாகச் சொன்னார்.

விடிந்ததும் கிளம்பினார்கள். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் கேரளத்தை விட்டு வெளியேறி, பொள்ளாச்சி, பழனி, தேனி என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடி, குமுளியில் மறுபடி கேரளத்துக்குள் ஏறினார்கள். வண்டிப்பெரியாறு தாண்டியதும் மழையோடு மூடுபனியும் சேர்ந்துகொண்டது. ஏலப்பாறைக் கடைத்தெருவில் ஒரு டீக்கடை முன் பூபதிராஜா வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"ஏனுங்க, பழைய எம்.பி. பெரியமுத்து ஊடு எதுங்க?"

கடைக்கார ஜோமோன் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தவில்லை. "எம்.பி.யா? இவிட எம்.பி. ஒண்ணும் இல்ல சாரே. அந்தப் பேர்ல யாரும் இல்ல."

"வயசானவருங்க. தொண்ணூறுக்கு மேல."

"அந்த வயசுல நம்ம சுவக்கீன் தாத்தா ஒருத்தர்தான். அவர் போயி மூணு மாசம் ஆச்சே."

பின் இருக்கையிலிருந்து நஞ்சப்பன் மூச்சை விட்டார். "அது வேற ஆளுடா பூபதி. வேதக்காரரு, கிறிஸ்தவப் பேரு. பெரியமுத்துன்னு கேளு."

ஜோமோன் டீயை வைத்துவிட்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "வேற ஆளா? டெல்லியில எல்லாரும் எந்திரிச்சு நின்ன கதை சொல்லுவாரே, அவரத்தான் தேடுறீங்களா?"

நஞ்சப்பன் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இந்தக் கடையில எத்தனை தடவ சொல்லியிருக்கார்! நாங்க கேலி பண்ணுவோம். தாத்தா, நீ செத்தா நாங்களும் எந்திரிச்சு நிக்கிறோம்னு." ஜோமோனின் குரல் இறங்கியது. "அவர் மக மதலேனம்மா வீடு லயத்துக்கு மேல. பச்சைக் கதவு. நேரா விடுங்க."

லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அதற்கு மேல் மண்மேட்டில் ஒரு சின்ன ஓட்டு வீடு. கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற மதலேனம்மாள் கதவைத் திறந்தபோது, நஞ்சப்பன் ஒரு கையில் மகனையும் மறு கையில் நடைவண்டியையும் பிடித்துக்கொண்டு நனைந்து நின்றார்.

"நாந்தானுங் அம்மிணி, நல்லேப்பிள்ளி நஞ்சப்பன்."

"குரலே சொல்லுதேய்யா" என்றாள் அவள். "என் போன்லதான வருசா வருசம் பேசுவீக. உள்ள வாங்க, நனையாதீக."

துண்டு கொடுத்தாள். பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம். அதன் கீழே சுவக்கீன் என்ற பெயருடன் பெரியமுத்துவின் முகம், மாலை போட்டு. அந்தப் பக்கம் ஓர் ஆணி மட்டும் தெரிந்தது. அதைச் சுற்றிச் சதுரமாக, சுண்ணாம்பு மங்காத இடம்.

"போனு அடிச்சனுங்களே."

"அடிச்சுச்சு. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"எடுக்கலாமல்லங்?"

"எடுத்தா சொல்லணும். சொன்னா நீங்க டெல்லிக்குச் சொல்லிருவீக. அப்பாதான் உங்க ஒப்பந்தத்த நாள்தவறாம சொல்லிக்கிட்டு இருப்பாரே."

நஞ்சப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். "சொல்றதுக்குத்தான் வந்திருக்கறேன். அது என்ற கடமைங். நாளைக்கே பூபதி பேசிருவான். நீங்க சாவுச் சர்ட்டிபிகேட்டை மட்டும் குடுங்க."

"அதுல சுவக்கீன்னுல்ல போட்டிருக்கு."

"ரெண்டும் ஒரே ஆளுதான்னு நானு சொல்றேன். என்ற பேச்சை நம்பமாட்டாங்களா?"

"நம்பிருவாகய்யா. அதான் பயமா இருக்கு."

அவள் சொன்னது இதுதான். ஏலப்பாறைக்கு வந்த சில வருடங்களில் பெரியமுத்து ஞானஸ்நானம் வாங்கி சுவக்கீன் ஆனார். மனம் ஒப்பித்தான் மாறினார். அதன் பிறகு பெரியமுத்து என்று எங்கும் கையெழுத்துப் போடவில்லை. பழைய உறுப்பினர்களுக்குப் பென்ஷன் வந்தபோதும் எழுதிக் கேட்கவில்லை. "அந்தப் பேர்ல இனி நான் ஒண்ணும் வாங்க மாட்டேன்" என்றார். ஞானஸ்நானம் வாங்கினவர்களுக்குப் பட்டியல் சாதி ஒதுக்கீடு கிடையாது. ஆனால் தோட்டத்தில் எல்லோரும் அவரைப் பழைய சாதியாகவே பார்த்தார்கள். மாதா கோயிலிலும் அப்படி ஒன்றும் மாறிவிடவில்லை. மதலேனம்மாளுக்கு ரேஷன் கார்டில் சோலை என்று பெயர். மதலேனம்மாள் என்பது கோயிலில் வைத்த பெயர். அவளுடைய ஒரே மகள் சோனா நர்ஸ் படிப்பு முடித்து, அரசு வேலைக்கு எழுதப் போனபோது சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. வில்லேஜ் ஆபீஸில் ஆதாரம் கேட்டார்கள்.

"ஒரு தடவதான்யா. எங்கப்பா வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு எங்கூட வந்தாரு. 'நான் பெரியமுத்து, ரிசர்வ் தொகுதியில ஜெயிச்சு டெல்லி போனவன், இது என் பேத்தி'ன்னு சொன்னாரு. அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் அவுகளுக்கு? எந்திரிச்சு நாற்காலி போட்டாக. பெரியமுத்துன்னு கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்தவரு, வீடு வர்றவரைக்கும் ஒரு வார்த்த பேசல. அடுத்த ஞாயித்துக்கிழம பூசைக்கு, நன்ம வாங்கப் போகல. ரொம்ப நாள் போகல."

வெளியே மழை வலுத்தது.

"சோனா இப்ப கவர்மென்ட் ஆஸ்பத்திரியில இருக்கா. அந்த ஒதுக்கீட்டு வேல. பெரியமுத்தும் சுவக்கீனும் ஒண்ணுதான்னு டெல்லியில வாசிச்சா, இங்க பேப்பர்ல வரும். யாராச்சும் ஒருத்தன் எழுதிப் போட்டாப் போதும்யா. போன வருசம் நீங்க டிவியில சொன்னீகளே, ஏலப்பாறையில இருக்காருன்னு? எங்கப்பா சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. நான் அன்னிக்கே அந்த டெல்லிப் போட்டோவ இறக்கிட்டேன்."

நஞ்சப்பன் ஆணியின் பக்கம் முகத்தைத் திருப்பினார். தொலைக்காட்சிக்காரர்கள் முன் தான் பெருமையோடு சொன்ன அந்த வாக்கியம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"எங்கப்பாவுக்கும் சொல்ல வேண்டாம்னுதான் ஆசை" என்றாள் மதலேனம்மாள், வேகமாக. "சாகறப்ப எங்கிட்டச் சொன்னாரு, சொல்ல வேணாம்னு."

"அம்மா பொய் சொல்லுது."

வாசலில் குடையை உதறிக்கொண்டு சோனா நின்றாள். பகல் டூட்டி முடித்து வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நஞ்சப்பன் அருகில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நீ உள்ள போடி" என்றாள் தாய்.

"ஏன் போகணும்? கடைசி ராத்திரி கூட இருந்தது நான். நீ தூங்கிட்ட." நஞ்சப்பனிடம் திரும்பினாள். "நல்லேப்பிள்ளிக்குப் போன் போடு, அவர் பாத்துக்குவாருன்னுதான் சொன்னாரு தாத்தா. போட்டாச்சான்னு மறுபடியும் கேட்டாரு. போட்டுட்டேன், எல்லாரும் நிப்பாக, நீ தூங்குன்னு சொன்னேன். அந்தப் பொய்யக் கேட்டுக்கிட்டுத்தான் போனாரு."

"சோனா!"

"நீங்க சொல்லுங்கய்யா. வேல போனா போகட்டும். வெளிநாட்டுக்கு எத்தன நர்ஸ் போறாக."

"உனக்கு யாருடி விசா குடுத்து வச்சிருக்கா?" மதலேனம்மாள் எழுந்தாள். "வேல மட்டுமா போகும்? கேசு போடுவாக. கள்ளச் சர்ட்டிபிகேட்டுன்னு பேரு கெடும். உன் புள்ளைக்கு யாரு சோறு போடுவா? செத்த மனுசருக்கு அவுக நின்னா என்ன, உக்காந்தா என்ன?"

நஞ்சப்பன் குறுக்கிட்டுக் கேட்டார்.

"அடக்கத்துக்கு ஆளுக வந்தாங்களா அம்மிணி?"

"வந்தாகய்யா. லயமே வந்துச்சு. நல்ல மழ. குடையப் புடிச்சுக்கிட்டு முடியுற வரைக்கும் எல்லாரும் நின்னாக."

"நின்னாங்களா?"

"உக்கார அங்க ஏதுய்யா எடம்?"

அவர் தலையை ஆட்டினார். நடைவண்டியைக் கிட்டே இழுக்கச் சொன்னார். "எங்கீங் வெச்சிருக்கறீங்க? பாத்துட்டுப் போறோம்."

கல்லறைத் தோட்டம் சாலைக்குக் கீழே சரிவில் இருந்தது. இறங்கும் படிகள் பாசி பிடித்துக் கிடந்தன. அவரால் முடியாது. பூபதிராஜா வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, கதவைத் திறந்து, அவரைத் தூக்கி நிறுத்தினார். அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். சோனா குடை பிடித்தாள். கீழே ஒரு வெள்ளைச் சிலுவையை அவள் சுட்டிக்காட்டினாள். அது அவருக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. அவர் அந்தத் திசையில் நின்றார்.

பூபதிராஜா அவர் தோளைத் தொட்டார்.

"போதுமுங்கப்பா. உக்காருங்க."

"சபாநாயகர் உக்காந்தப்பறந்தான் மெம்பருங்க உக்காரோணும்" என்றார் நஞ்சப்பன். "இங்க ஆருடா இருக்கறாங்க, மொதல்ல உக்கார்றதுக்கு?"

பூபதிராஜா அவரைத் தாங்கிக்கொண்டார். ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு உரசியபடி போனது. கடைசியில் முழங்கால் தானாகவே மடங்கியது. மகன் அவரை இருக்கையில் சரித்தார்.

சோனா ஜன்னல் அருகில் குனிந்தாள். "என்ன செய்யப் போறீக?"

"நாளைக்கு நீ எப்பவும்போல டூட்டிக்குப் போ கண்ணு."

"அய்யா, தாத்தா கேட்டாருல்ல?"

"கேட்டாரு. உனக்காக அவரே வில்லேஜ் ஆபீசுக்கும் போனாரு." அவர் அவள் கையைத் தேடிப் பிடித்தார். "எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் தெரியலீங் கண்ணு."

அவள் குடையோடு அங்கேயே நின்றாள். வண்டி திரும்பியது.

அன்று கம்பத்தில் ஒரு லாட்ஜில் தங்கிவிட்டு மறுநாள் மத்தியானம் புறப்பட்டார்கள். வழியெல்லாம் அவர் பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். தூங்குகிறார் என்று பூபதிராஜா நினைத்தார். பொள்ளாச்சி தாண்டி, இருட்டிய பிறகு கோபாலபுரம் செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"பூபதி. அந்த டெல்லி நம்பரு இருக்குதாடா?"

"இருக்குதுங்கப்பா. சொல்லிரலாமுங்களா? நானு யோசிச்சனுங்க, சுவக்கீன்னு சொல்லாம பெரியமுத்துன்னு மட்டும் சொன்னா..."

"எப்ப செத்தாரு, எங்க செத்தாருன்னு கேப்பாங்க. அதை எடுத்துரு."

"எதைங்க?"

"நம்பரை."

பூபதிராஜா கண்ணாடியில் தகப்பனைப் பார்த்தார். "அது உங்களுக்குன்னு வெச்சதுங்கப்பா."

"எனக்குந்தாஞ் சொல்றேன். நானு போனா டெல்லிக்குச் சொல்லாதே. சொன்னா பேப்பருக்காரங்க வருவாங்க. ரெட்டத் தொகுதி, இன்னொரு மெம்பரு ஏலப்பாறைல இருக்கறாருன்னு நானே டிவில சொல்லி வெச்சிருக்கறேன். நேரா அங்க போவாங்க. அந்தப் புள்ளையோட கதவைத் தட்டுவாங்க." மூச்சு வாங்கினார். "நம்மூருல சொல்லு. சொந்தபந்தத்துக்குச் சொல்லு. போதும்."

"உங்களுக்காச்சும் எந்திரிச்சு நிக்க வேண்டாமுங்களா?"

"அவருக்கு நிக்கல" என்றார் நஞ்சப்பன்.

வரிசை நகர்ந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பூபதிராஜா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறு கையால் போனை எடுத்தார். 'அப்பா டெல்லி' என்ற பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழித்தார்.

"எடுத்துட்டயா?"

"எடுத்துட்டனுங்க."

"காட்டு."

பூபதிராஜா போனைப் பின்னால் நீட்டினார். நஞ்சப்பன் அதை வாங்கி, கண்ணுக்கு மிக அருகில் வைத்து, எதுவும் தெரியாத அந்த வெளிச்சத்தை வெகுநேரம் பார்த்தார். செக்போஸ்ட் போலீஸ்காரர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். வயதானவர் ஒருவர் கையில் போனோடு அழுதுகொண்டிருந்தார். போலீஸ்காரர் போகலாம் என்று கையசைத்தார்.